கோடை யாருக்குக் குளிர்கிறது? ஊட்டி சீசனும் நம் அரசியல் வரலாறும்

ஒவ்வொரு மே மாதமும் இந்தச் செய்தி வந்துவிடும். "ஊட்டியில் சுற்றுலாப் பயணிகள் குவிந்தனர். போக்குவரத்து நெரிசலால் உள்ளூர் மக்கள் அவதி." கொடைக்கானலுக்கும் இதே தலைப்புதான். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் போடுவார்கள்.

நம் கம்மாபுரத்துக்கு யாரும் சுற்றுலா வருவதில்லை. விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பீங்கான் தெரியும், ரயில் சந்திப்பு தெரியும், பழமலைநாதர் கோயில் தெரியும். மாசி மகத்துக்கு மணிமுத்தாற்றில் கூட்டம் கூடும், கலையும். மற்றபடி கத்திரி வெயிலில் இந்தப் பக்கம் காலெடுத்து வைக்க யாரும் ஆசைப்பட மாட்டார்கள். ஒரு பக்கம் நெய்வேலி சுரங்கம், ஒரு பக்கம் காய்ந்த வயல். மே மாதத்தில் சேரியின் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் கோடை என்ற சொல்லின் முழுப்பொருளும் தெரியும்.

அப்படியிருக்க ஊட்டி சீசனைப் பற்றி நாம் ஏன் எழுத வேண்டும்? இரண்டு காரணங்கள். ஒன்று, நம் பிள்ளைகள் அங்கே போகிறார்கள், பார்க்க அல்ல, வேலைக்கு. விடுதியில் அறை துடைக்க, ஓட்டலில் தட்டு கழுவ, கட்டட வேலைக்கு. இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. தமிழ்நாட்டில் தலித் மக்களின் நவீன அரசியல் எங்கே அமைப்பாகத் திரண்டது என்று தேடினால், அந்த வழிகளில் ஒன்று நேராக ஊட்டிக்குப் போகிறது. சீசனுக்காகக் கட்டப்பட்ட ஊர்தான் நம் முதல் மாநாடுகளில் ஒன்றுக்கு இடம் கொடுத்தது. இது தற்செயல் அல்ல. எப்படி என்று பார்ப்போம்.

வெயிலுக்குப் பயந்த அரசாங்கம்

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி மலைக்கு ஏறினார். அதற்குப் பிறகு ஐந்தாறு ஆண்டுகளில் உதகமண்டலத்தில் கல் பங்களா எழுந்தது, ஓடையைத் தடுத்து ஏரி வெட்டப்பட்டது. மலை அப்போது காலியாகக் கிடக்கவில்லை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் என்று அவரவருக்கு இடமும் மேய்ச்சலும் தொழிலும் இருந்த நாடு அது. தோடர்களின் மந்து இருந்த இடத்தில்தான் வெள்ளைக்காரரின் உதகமண்டலம் வந்தது. ஊரின் பெயரிலேயே அந்த மந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊட்டி வரலாற்றை யார் எழுதினாலும் முதல் வரி இதுவாக இருக்க வேண்டும். அந்த மலையில் நமக்குக் கிடைத்த பிழைப்பும் பழங்குடிகள் இழந்த நிலத்தின் மேல்தான் நின்றது. இதை நாம் மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

1840-களில் வெள்ளைக்காரர்களுக்கான கிளப்பும் தாவரவியல் பூங்காவும் வந்தன. 1870-இலிருந்து சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரமே ஊட்டி என்றானது. வெயில் ஏறியதும் கவர்னர், கவுன்சில் உறுப்பினர்கள், செயலாளர்கள், குமாஸ்தாக்கள், கோப்புப் பெட்டிகள், அவரவர் குடும்பம், குதிரை, நாய் எல்லாம் மலை ஏறிவிடும். மழைக்காலம் வரும்போதுதான் இறங்கும். அரசாங்கம் இப்படி மாதக்கணக்கில் மலையில் போய் உட்கார்ந்துகொள்வதற்கு ஆகும் செலவை அன்றைய இந்தியப் பத்திரிகைகளும் தேசியவாதிகளும் கண்டித்தார்கள். செலவுக் கணக்கு கேட்டது நியாயம்தான். ஆனால் அந்தப் பெட்டிகளைத் தூக்கியவர் யார் என்று அந்தக் கணக்கில் எந்தப் பத்தியும் இல்லை.

பெட்டியை மட்டுமா தூக்கினார்கள்? மனிதரையும் தூக்கினார்கள். சாலை ஒழுங்காக வருவதற்கு முன் துரைகளும் துரைசானிகளும் டோலியில் உட்கார்ந்து மலை ஏறினார்கள். கொடைக்கானலிலும் இதே கதை. அமெரிக்க மதுரை மிஷன் 1845-இல் அங்கே முதல் வீடுகளைக் கட்டியது. அடிவாரத்திலிருந்து மேலே போகும் செங்குத்தான பாதைக்கு 'கூலி காட்' என்றே பெயர் விழுந்தது. வண்டி போகும் சாலை முழுதாக வந்து சேர இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டு ஆகிவிட்டது. அதுவரை எழுபது ஆண்டுகள், சுமப்பவரின் தோளும் கால்நடையின் முதுகும்தான் அந்த ஊரின் போக்குவரத்து. கூலிகளின் பெயரைப் பாதைக்கு வைத்தார்கள். ஒரு கூலியின் பெயரும் பதிவில் நிற்கவில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இல் ரயில் வந்தது, 1908-இல் அது ஊட்டியைத் தொட்டது. 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 சுரங்கப் பாதைகள். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இன்று அந்த ரயிலின் சன்னலில் தலையை நீட்டி செல்ஃபி எடுக்கிறோம். அந்த 16 சுரங்கத்தையும் பாறையில் குடைந்தவர்கள் கூலிகள்தான்.

பங்களாவின் பின்கட்டு

சென்னையில் வெள்ளைக்காரர் வீட்டு வேலைக்கு யார் போனார்கள் என்பது நமக்குத் தெரிந்த சங்கதி. சாதி இந்துக்கள் அந்த வீட்டுச் சமையலறைக்குள் நுழையத் தயங்கினார்கள். மாட்டிறைச்சியைத் தொட வேண்டும், எச்சில் தட்டைத் தொட வேண்டும், நோயாளியின் படுக்கையைத் தொட வேண்டும். அதனால் சமையற்காரர், பட்லர், ஆயா, குதிரைக்காரர், தோட்டக்காரர் போன்ற வேலைகளில் பறையர் சமூகத்தவர் பெருமளவில் சேர்ந்தார்கள். கக்கூஸ் அள்ளும் வேலைக்கு அதற்கும் கீழே ஒரு படி கட்டி, அங்கே வேறு தலித் சாதியினரை நிறுத்தினார்கள். சாகிப் மலைக்குப் போனால் இந்தப் பின்கட்டு முழுவதும் கூடவே போனது.

பங்களாவின் பின்கட்டு ஒன்றும் சொர்க்கம் இல்லை. அங்கே அடி உண்டு, வசவு உண்டு, இன இழிவு உண்டு. கிளப்பின் முன்வாசல் எந்த இந்தியருக்கும் திறக்காது. ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. ஊரில் ஆண்டையின் பண்ணையில் வேலை செய்தால் கூலி நெல்லாக வரும், அதுவும் கடனில் கழியும். இங்கே மாதச் சம்பளம், கையில் காசு. ஊரில் தெருவில் நடக்கத் தடை. இங்கே ஊரே புதிது, அக்கிரகாரம் என்று ஒன்று பழைய வேரோடு நிற்கவில்லை. ஆங்கிலம் காதில் விழுந்தது. பிள்ளைகளுக்கு மிஷன் பள்ளியின் வாசல் திறந்தது. காசும் எழுத்தும் கைக்கு வந்த ஒரு தலைமுறை கேள்வி கேட்கத் தொடங்கியது.

அந்தத் தலைமுறையின் இரண்டு பெயர்களை நாம் நன்றாக அறிவோம். அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914), இரட்டைமலை சீனிவாசன் (1859-1945). இருவருமே நீலகிரியில் வாழ்ந்தவர்கள் என்பதைப் பள்ளிப் புத்தகங்கள் அழுத்திச் சொல்வதில்லை.

அயோத்திதாசரின் பாட்டனார் கந்தப்பன் ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் பட்லராக வேலை பார்த்தவர். அவர் கையிலிருந்த திருக்குறள் ஏட்டுச் சுவடிதான் அந்த அதிகாரி வழியாக எல்லிஸ் துரையிடம் போய்ச் சேர்ந்தது என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். ஒரு பட்லரின் வீட்டில் குறள் சுவடி இருந்தது என்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். எடுபிடி வேலைக்காரர் என்று வரலாறு ஒதுக்கிய குடும்பம் சித்த மருத்துவமும் இலக்கியமும் கற்ற குடும்பம். பண்டிதர் நீலகிரியில் வளர்ந்தார், மருத்துவம் பார்த்தார், 1870-களில் அங்கே அத்வைதானந்த சபையை நடத்தினார்.

இரட்டைமலை சீனிவாசன் நீலகிரியில் ஐரோப்பியர் நிறுவனத்தில் கணக்கராக வேலை செய்தார். கோடைக்கு மலையேறி வந்தவர்களில் பிரம்மஞான சபையின் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் உண்டு. அந்தச் சபையாருடன் அவருக்கு அங்கே பழக்கம் ஏற்பட்டது. பண்டிதரும் சீனிவாசனும் திருமண உறவால் மைத்துனர்கள். இந்த இருவரும் ஆல்காட்டும் பிற்பாடு வெவ்வேறு வழிகளில் நம் வரலாற்றைத் தொட்டார்கள். ஆல்காட் 1894-இல் சென்னையில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1898-இல் பண்டிதர் ஆல்காட்டின் துணையோடு இலங்கை போய் பௌத்தம் ஏற்று, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார்.

1891 டிசம்பர் 1

அன்று ஊட்டியில் திராவிட மகாஜன சபையின் மாநாடு கூடியது. கூட்டியவர் அயோத்திதாசப் பண்டிதர். பத்துத் தீர்மானங்கள் நிறைவேறின.

தேதியைக் கவனியுங்கள், டிசம்பர். சீசன் முடிந்து அரசாங்கம் சென்னைக்கு இறங்கிவிட்ட காலம். கோடைக்கு வந்தவர்கள் போய்விட்டார்கள். அவர்களுக்கு வேலை செய்ய வந்து, அங்கேயே குடியாகிவிட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் குளிரில் கூடியவர்கள்தான் ஊட்டியின் உண்மையான உள்ளூர் மக்களில் ஒரு பகுதியினர்.

தீர்மானங்கள் என்ன கேட்டன? எங்கள் சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துகிறவர்களைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியும் உதவித்தொகையும் வேண்டும். படித்தவர்களுக்கு அரசு வேலை வேண்டும். நகராட்சியிலும் கிராம நிர்வாகத்திலும் எங்களுக்கு இடம் வேண்டும். பொதுக் கிணற்றிலும் குளத்திலும் தண்ணீர் எடுக்கத் தடை இருக்கக்கூடாது. கச்சேரிக்குப் போனால் மற்றவர்களைப் போல நாங்களும் உள்ளே வந்து உட்கார வேண்டும். சிறையில் எங்கள் சாதிக் கைதிகளுக்கு மட்டும் இழிவான வேலைகளை ஒதுக்கும் விதியை நீக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதை மாணவத் தோழர்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். வெளியே துப்புரவு வேலையைச் சாதி பார்த்துக் கொடுத்தார்கள். சிறைக்குள் போனாலும் அதே சாதிதான் மலம் அள்ள வேண்டும் என்று வெள்ளைக்கார அரசே விதியில் எழுதி வைத்திருந்தது. அதை எதிர்த்து 1891-இலேயே தீர்மானம் போட்டார்கள். இதே கேள்வி எவ்வளவு காலம் உயிரோடு இருந்தது தெரியுமா? சிறை விதிகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பதை உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது 2024 அக்டோபரில். ஊட்டித் தீர்மானத்துக்கும் அந்தத் தீர்ப்புக்கும் நடுவில் 133 ஆண்டுகள்.

அடுத்த ஆண்டு, 1892-இல், சென்னை விக்டோரியா டவுன் ஹாலில் மகாஜன சபை கூட்டத்துக்குப் பண்டிதர் நீலகிரியின் பிரதிநிதியாகப் போனார். எல்லோரும் வணங்கும் கோயிலுக்குள் எங்களை ஏன் விடுவதில்லை என்று கேட்டார். உங்களுக்கு மதுரை வீரனும் காட்டேரியும் கொடுத்திருக்கிறோமே, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு எதற்கு என்ற ரீதியில் பதில் வந்தது. கோயில் கதவைப் பற்றிப் பேசியது போதும், படிப்பும் நிலமும் கொடுங்கள் என்று பண்டிதர் தன் கோரிக்கையைத் திருப்பினார். அந்தக் கூட்டத்தில் நின்றவர், சுற்றுலா ஊரின் பின்கட்டிலிருந்து வந்த மக்களின் குரலாக நின்றார்.

சாலையில் நடக்கவும் விடுதியில் தங்கவும்

சுற்றுலா என்றால் என்ன? சாலையில் தடையின்றிப் போவது, பொது இடத்தில் தண்ணீர் குடிப்பது, காசு கொடுத்தால் அறை கிடைப்பது. இந்த மூன்றும் நம் மக்களுக்கு நேற்றுவரை குற்றம்.

நீலகிரியிலிருந்து சென்னைக்கு வந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். பிறகு தென்னாப்பிரிக்கா போய்த் திரும்பி, சென்னை சட்டமன்ற உறுப்பினரானார். 1924 ஆகஸ்டில் அவர் அங்கே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொதுக் கட்டடம் ஆகியவற்றை எந்த வகுப்பாரும் பயன்படுத்தலாம், யாரும் தடுக்கக்கூடாது என்பதுதான் அது. நிறைவேறியது. அரசாணையும் வந்தது. சாலையில் நடக்க ஓர் அரசாணை! மற்றவர்களுக்குப் பிறக்கும்போதே கிடைத்ததை நாம் தீர்மானம் போட்டு வாங்கினோம்.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையிலும் இது உண்டு. வெளிநாட்டில் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்து வேலைக்கு வந்தவருக்கு அந்த நகரத்தில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தங்கியிருந்தவரைத் தடியோடு வந்த கூட்டம் வெளியேற்றியது. 1934-இல் அவரும் தோழர்கள் முப்பது பேரளவும் எல்லோரா குகைகளைப் பார்க்கக் கிளம்பினார்கள். முழுக்க முழுக்க ஒரு சுற்றுலாக் குழு. வழியில் தௌலதாபாத் கோட்டை வாசலில் இருந்த குளத்தில் கைகால் கழுவினார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று உள்ளூர் முஸ்லிம்கள் கூட்டமாகச் சூழ்ந்துகொண்டார்கள். குளத்தைத் தொடக்கூடாது என்ற கட்டளையோடு, ஆயுதம் தாங்கிய காவலர் கூடவே வரத்தான் கோட்டையைச் சுற்றிப் பார்த்தார்கள். அங்கேயும் "உள்ளூர் மக்கள்" சுற்றுலாப் பயணிகளால் அவதிப்பட்டதாகத்தான் சொன்னார்கள். அந்தச் சொல்லை நாம் ஏன் சந்தேகத்தோடு பார்க்கிறோம் என்று இப்போது புரியும்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவை எடுத்துப் படியுங்கள். கடை, உணவகம், தங்கும் விடுதி, கேளிக்கை இடம், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதியிருக்கும். உரிமைகளைப் பற்றிய பெரிய பகுதியில் ஓட்டலுக்கும் படித்துறைக்கும் என்ன வேலை என்று கேட்பவருக்கு பரோடாவும் தௌலதாபாத்தும்தான் பதில். 1955-இன் தீண்டாமைக் குற்றச் சட்டமும், 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதன் பிள்ளைகள்.

ஆகவே சுற்றுலாப் பயணி என்றாலே நம் எதிரி என்ற பேச்சு நம்மிடம் செல்லாது. நம் பிள்ளைகள் கல்லூரிச் சுற்றுலாவுக்கு வேன் பிடித்து ஊட்டி போவது, தாவரவியல் பூங்காப் புல்லில் உட்கார்ந்து சாப்பிடுவது, ஏரியில் படகு விடுவது, இதெல்லாம் போராடிப் பெற்ற உரிமையின் சிறிய, இனிப்பான பகுதி. அதை யாரிடமும் விட்டுக்கொடுக்க முடியாது.

சாகிப் போனார், சீசன் போகவில்லை

1947-க்குப் பிறகு கிளப்பில் ஆள் மாறினார்கள். பின்கட்டில் ஆள் மாறவில்லை.

1896-இல் தொடங்கிய மலர்க்காட்சி இப்போது அரசின் கோடை விழா. 2011 கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை ஏழே கால் லட்சத்துக்குச் சற்று மேல். ஊட்டி நகராட்சியில் 88 ஆயிரம் பேர்தான். ஓர் ஆண்டில் வந்துபோகும் பயணிகளோ மாவட்ட மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு. அவ்வளவு பேரும் குடிக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், கழிப்பறை போகிறார்கள். அந்தக் கழிவு எங்கே போகிறது? ஒரு பங்கு கோடப்பமந்து கால்வாய் வழியாக, சல்லிவன் வெட்டிய அதே ஏரிக்குள் போகிறது. மீதி விடுதிகளின் மலக்குழிகளில் நிறைகிறது.

ஏரிக்கரையில் படகுக்கு வரிசையில் நிற்கும் கூட்டத்தைத் தொலைக்காட்சி காட்டும். கூட்டம் கலைந்த பிறகு, விடியற்காலை நான்கு மணிக்கு, பத்து டிகிரி குளிரில், சாரிங் கிராஸ் சாலையில் துடைப்பத்தோடு நிற்கும் பெண்ணைக் காட்டாது. தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டங்களில் இந்த வேலை பெருமளவு அருந்ததியர் மக்களின் தலையில் கட்டப்பட்டிருக்கிறது. சீசனில் குப்பை பல மடங்காகும். ஆட்கள் அதே விகிதத்தில் கூடுவதில்லை. ஒப்பந்ததாரர் நாலு பேரைத் தினக்கூலிக்குச் சேர்ப்பார், ஜூன் முடிந்ததும் கழற்றிவிடுவார். வார விடுமுறை சீசனில் கிடையாது, ஏனென்றால் மற்றவர்களின் விடுமுறைதான் இவர்களின் வேலை.

மலைத் தோட்டங்களில் இன்னொரு மக்கள்கூட்டம் இருக்கிறது. 1964-இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க அரசு தேயிலைத் தோட்டங்களைப் போட்டது. அதுவே பிறகு டேன்டீ நிறுவனமானது. இவர்களில் பெரும் பகுதியினர் தலித்துகள். தோட்ட வீட்டில் தலைமுறையாக இருந்தாலும் ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற பயம் அவர்களை விடவில்லை. தேயிலைச் சரிவின் முன் நின்று பயணிகள் படம் பிடிக்கிறார்கள். அந்தப் படத்தின் பின்னணியில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரிவில் வீடு கட்டிக்கொள்கிறவர் யார், சமதளத்தில் காட்டேஜ் கட்டுகிறவர் யார் என்று மலையை ஒருமுறை சுற்றி வந்தாலே தெரியும்.

இ-பாஸ் வந்த பிறகு

2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறையைக் கொண்டுவரச் சொன்னது. மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. சீசனில் நாளொன்றுக்கு இருபதாயிரம் வாகனம் நீலகிரிக்கு வருகிறது என்ற கணக்கு நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 2025 மார்ச்சில் அடுத்த கட்டம். நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வாகனங்களுக்கும் அரசுப் பேருந்துக்கும் விளைபொருள் வண்டிக்கும் விலக்கு.

மலைக்கு மூச்சு விட இடம் வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. பேருந்தில் வருகிறவரைத் தடுக்காமல் காரைக் கட்டுப்படுத்துவது நல்ல திசைதான். நாற்பது பேர் ஒரு பேருந்தில் வரும் இடத்தை நான்கு பேர் ஒரு சொகுசுக் காரில் அடைத்துக்கொள்வதுதான் நெரிசலின் கணக்கு.

ஆனால் எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 2025 ஏப்ரல் 2 அன்று நீலகிரியில் கடையடைப்பு நடந்தது. வணிகர்கள் இ-பாஸை நீக்கச் சொன்னார்கள். பத்திரிகையில் இதுவும் "உள்ளூர் மக்கள் எதிர்ப்பு". நெரிசலால் அவதிப்படுகிறவரும் உள்ளூர் மக்கள், நெரிசல் குறைந்தால் அவதிப்படுகிறவரும் உள்ளூர் மக்கள். ஒரே சொல்லுக்குள் வேறு வேறு வர்க்கமும் சாதியும் இருப்பதால்தான் இந்த முரண்.

சொந்த வீடு உள்ளவருக்கு சீசன் என்றால் மாடியைக் காட்டேஜாக மாற்றலாம். வாடகை வீட்டில் இருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கு அதே சீசன் வாடகை உயர்வு. கடைக்காரர் கூட்டம் வருவதற்கு முன்பே சரக்கை நிரப்பி வைப்பார். கூலிக்காரர் அன்றன்றைய காய்கறியை சீசன் விலைக்கு வாங்குவார். வசதி உள்ளவர் வார இறுதியில் வீட்டை விட்டு வெளியே வராமல் சமாளிப்பார். ஓட்டல் தொழிலாளி வெளியே வந்தே தீர வேண்டும், பேருந்தோ நெரிசலில் நிற்கும், அவர் நடந்து போய் தாமதத்துக்குச் சம்பளம் பிடிக்கப்படுவார். கூட்டம் வந்தால் உடம்பு தேயும், வராவிட்டால் வயிறு காயும். இரண்டு பக்கமும் இழப்பவர் இவர் ஒருவர்தான். இவரை எந்தக் கூட்டத்திலும் கருத்துக் கேட்டு நாம் பார்த்ததில்லை.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் அல்ல. இத்தாலியின் வெனிஸ் நகரம் 2024 ஏப்ரலிலிருந்து குறிப்பிட்ட நாட்களில் பகலில் வந்துபோகும் பயணிகளிடம் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கியது. அதே ஆண்டு ஜூலையில் ஸ்பெயினின் பார்சிலோனாவில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். சிலர் பயணிகள் மேல் பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் அடித்தார்கள், உலகச் செய்தியானது. அவர்களின் முதல் கோரிக்கை வீட்டு வாடகை. சுற்றுலா வாடகை வீடுகளால் ஊர்க்காரர் ஊரை விட்டுப் போக வேண்டியிருக்கிறது என்றார்கள். அங்கே வாடகைதாரர் தெருவில் இறங்கிப் பேசுகிறார். இங்கே பேசுவது வீட்டு உரிமையாளரும் கடை உரிமையாளரும். அந்த இடைவெளிதான் சாதி. யார் ஊருக்கு உரியவர் என்பதை இங்கே நிலப் பட்டா தீர்மானிக்கிறது, நிலப் பட்டாவைச் சாதி தீர்மானித்திருக்கிறது.

நாம் கேட்க வேண்டியவை

வரலாறு படிப்பது பெருமை பேச அல்ல. 1891-இல் பத்துத் தீர்மானம் போட்டவர்கள் அன்றைக்கு யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெளிவாக எழுதினார்கள். நாமும் அப்படியே எழுதுவோம்.

முதலாவது, சீசன் தொடங்குவதற்கு முன்பு மாவட்ட நிர்வாகம் வணிகர்களையும் விடுதி உரிமையாளர்களையும் கூப்பிட்டுப் பேசுகிறது. அந்த மேசையில் தூய்மைப் பணியாளர், ஓட்டல் தொழிலாளி, தோட்டத் தொழிலாளி, பழங்குடிப் பிரதிநிதி உட்கார வேண்டும். கச்சேரிக்குள் எங்களை உட்கார விடுங்கள் என்ற பழைய கோரிக்கையின் இன்றைய வடிவம் இதுதான்.

இரண்டாவது, மலக்குழி. 2013-இன் சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் எவரையும் மலக்குழிக்குள் இறக்குவது குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தால் 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லிவிட்டது. விடுதிக்கு உரிமம் கொடுக்கும்போதே கழிவை எந்த இயந்திரத்தால் எடுக்கிறாய் என்ற கணக்கைக் கேட்க வேண்டும். நகராட்சிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட ஆகும் செலவு பத்து ரூபாய். சட்டக் கல்லூரி மாணவர்கள் இதை ஒரு விடுமுறை வேலையாக எடுத்துச் செய்யலாம்.

மூன்றாவது, பயணிகளிடமும் வாகனங்களிடமும் வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கு நேராகத் தூய்மைப் பணியாளரின் வீட்டுமனைக்கும் மருத்துவத்துக்கும் போக வேண்டும். சீசனுக்கு எடுக்கும் ஆட்களை ஒப்பந்ததாரர் வழியாக அல்லாமல் நகராட்சியே நேரடியாக எடுக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்கள் கேட்டதும் தனியார்மயம் வேண்டாம் என்றுதான். அவர்களை நள்ளிரவில் அப்புறப்படுத்தினார்கள். கோரிக்கையை அப்புறப்படுத்த முடியவில்லை.

நான்காவது, வேலைக்குப் போகும் நம் தம்பி தங்கைகளுக்கு. கடைகளில் நிறுவனங்களில் வேலை செய்பவர் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத் திருத்தம் செய்தது. குறைந்தபட்சக் கூலி, மிகுதி நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி, வார விடுமுறை எல்லாம் சட்டத்தில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பேருந்து ஏறுங்கள். வேலைக்குச் சேர்ந்த நாளையும் வாங்கிய சம்பளத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தகராறு வந்தால் அந்த நோட்டுதான் சாட்சி.

கடைசியாக, ஊட்டிக்குச் சுற்றுலா போகும் மாணவர்களுக்கு. கட்டாயம் போங்கள். பூங்காவைப் பாருங்கள், ரயிலில் ஏறுங்கள். குப்பையைப் பையில் போட்டு எடுத்து வாருங்கள், ஏனென்றால் அதைக் குனிந்து எடுப்பவர் நம் அத்தையோ சித்தியோ. வழிகாட்டியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 1891 டிசம்பர் 1-ஆம் தேதி இந்த ஊரில் என்ன நடந்தது? அவருக்குத் தெரியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். கல் பங்களாவுக்குப் பலகை இருக்கிறது, ஏரிக்குப் பலகை இருக்கிறது. திராவிட மகாஜன சபை கூடிய ஊர் இது என்று சொல்லும் ஒரு பலகையை அங்கே நட வைப்பது நம் தலைமுறையின் வேலை.

ஜெய்பீம்!